அரண்மனைச் சுவர் என்ன நிறம்

என் அக்கா வேன் ஓட்டுகிறாள். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பழைய அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் வருடக்கணக்காக அவள் பிழைப்பு. அதிகம் பேசாதவள். அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் அம்மா காய் நறுக்கிக்கொண்டே, எல்லோருமாகச் சேர்ந்து அந்த அரண்மனைக்குப் போய் வரலாமா என்று கேட்டாள். அம்மா வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. உடனே நானும் என் வீட்டுக்காரரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து திட்டம் போட ஆரம்பித்துவிட்டோம். அக்காதான் வழிகாட்டி. சீக்கிரமே போனால் கூட்டம் இருக்காது. முதலில் அரசவை மண்டபம், வெயில் ஏறுவதற்குள் தோட்டம், ரோஜாப் பாத்திகளுக்குப் பின்னால் நிழலில் சாப்பாடு. அரசியின் குளியலறையைப் பார்க்க வரிசையில் நிற்பது வீண் என்று அக்கா நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அந்த ராஜாவே வந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார் என்று என் வீட்டுக்காரர் அசந்துபோனார்.

எனக்கு வேறு கவலை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக் கூடத்தில் மாட்டியே தீருவது என்று இருந்தேன். போட்டிருக்கும் உடுப்பு எடுப்பாகத் தெரிய வேண்டாமா? மண்டபத்துச் சுவர் என்ன நிறம் என்று அக்காவைக் கேட்டேன்.

அவள் டம்ளரைத் தூக்கினாள். குடிக்காமலே கீழே வைத்தாள்.

"என்னக்கா, இத்தனை தடவை போயிருக்க, சுவரு கண்ணுல படலையா?"

"நான் உள்ள போனதே இல்லடி. திரும்பி வர்றப்ப வண்டியில பேசிக்குவாங்க. கால் வலிக்குதும்பாங்க, தோட்டம் அழகும்பாங்க. நிறத்தை மட்டும் யாரும் சொன்னதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அரண்மனை வாசலில் கெடுபிடி அதிகம். ஓட்டுகிறவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. காவலாளி கை காட்டியதும் முன்னே பின்னே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லீவு நாளில் போயிருக்கலாமே என்றால், தனியாகப் போய் யாரிடம் என்ன பேசுவது என்கிறாள். இந்தத் தடவையும் எங்களை உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே இருப்பதாகத்தான் அவள் கணக்கு. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள், வழியிலேயே நின்றுவிட்டாள்.

சந்தையிலிருந்து சுற்றுலா பஸ் ஒன்று போகிறது, அதில் போகலாம் என்றேன். அக்கா பிடிகொடுக்கவில்லை. பஸ் படி உயரம், அம்மாவின் முழங்கால் என்னத்துக்கு ஆகும், தான் அரண்மனை பார்த்து என்ன ஆகிவிடப் போகிறது என்றாள். என் வீட்டுக்காரரிடம் வேனைக் கொடுக்கலாம் என்றால், அவருக்குச் சைக்கிளே ஒழுங்காக வராது. அரண்மனை மதிலுக்கு எதற்கு வம்பு? பேச்சு முற்றி நானும் அக்காவும் கத்த ஆரம்பித்தோம். உண்மையைச் சொன்னால், கத்தியது நான் மட்டும்தான்.

அம்மா நறுக்குவதை நிறுத்தினாள்.

"முட்டி என்னோடது. ஏறலாமா வேணாமான்னு நான் சொல்லிக்கறேன். அவ ஒரு நாளாவது என் பக்கத்துல உக்காந்து வரணும். அதுக்குத்தான் இந்தப் பேச்சையே எடுத்தேன்."

அன்றைக்கே போய்ப் பஸ்ஸுக்கு இடம் சொல்லிவைத்தேன்.

போகிற அன்று நான் மேலேயிருந்து இழுக்க, அக்கா கீழேயிருந்து தாங்க, அம்மா ஒருவழியாகப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அக்கா ஜன்னலோரம், பக்கத்தில் அம்மா. ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. பிரேக் அங்கே இல்லை, டிரைவரிடம் இருக்கிறது என்று கேலி செய்தேன். அம்மா சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் மனசு குளிர்ந்தது.

அரண்மனை வாசலில் எல்லோரும் இறங்கினோம். அம்மாவைக் கைத்தாங்கலாக ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் அக்காவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். காலி பஸ்ஸில், மடியில் கை வைத்து, முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வாசல் வந்தால் உட்கார்ந்திருப்பதுதானே அவள் பழக்கம். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அக்காவைவிட வயதில் சின்னவர். என் பிரேக் கேலி அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"இறங்குங்கக்கா. வண்டிய நான் பாத்துக்கறேன்."

அக்கா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். பிறகு இறங்கினாள்.

மண்டபத்துச் சுவர் மஞ்சள். நான் போட்டிருந்ததும் மஞ்சள். போட்டோவில் என் தலை மட்டும் தனியாக மிதக்கிறது. வேறு நாளாக இருந்தால் ஆடித் தீர்த்திருப்பேன். அக்கா சிம்மாசனத்தின் பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

தோட்டமெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தபோது டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே ஏறினார்கள். அக்கா மட்டும் அவரிடம் போய் நின்றாள்.

"தம்பி, நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினார்.

"சுவரு மஞ்சள் தம்பி," என்றாள் அக்கா. "நல்லாப் பழுத்த எலுமிச்சம்பழம் இருக்குல்ல, அந்த மஞ்சள்."