தீவில் தட்டிய தூக்குச்சட்டி

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப்பெயரில் இருக்கிற வீரத்தில் கால்வாசிகூட எனக்கு வாய்க்கவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த வீரமெல்லாம் கம்பங்காட்டுப் பரண்மேல் நின்று தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டுவதுதான். அதில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தக் கோடை விடுமுறையில், வேலைக்காகத் தூத்துக்குடிக் கடற்கரையில் குடியிருந்த தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கரைக்கு எதிரே இருந்த சின்ன மணல் தீவுக்கு மாமா தற்காலிகக் காவலர். ஆலாப் பறவைகள் அங்கே முட்டையிடும் மாதங்களில் யாரையும் இறங்கவிடக் கூடாது. அந்த ‘யாரையும்’ என்பதில் மருமகளும் அடக்கம்தான். ஆனால் அவர் செல்போனில் அந்தப் பறவைகளைப் பார்த்துவிட்டு, நானும் வருவேன் என்று அழுத அழுகையில் மனசு இளகி, ஒருநாள் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்.

“படகவிட்டு இறங்கப்படாது. தாய்ப்பறவ முட்டையவிட்டு எந்திரிக்கவே கூடாது, பாத்துக்க” என்றார். தலையாட்டினேன். சாய்ந்து கிடந்த எச்சரிக்கைப் பலகையை நட்டு நிறுத்த அவர் மறுமுனைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் சோற்றுத் தூக்குச்சட்டியைக் கொட்டிக் காலி செய்து, சிப்பி பொறுக்க இறங்கிவிட்டேன்.

பத்தடி போயிருக்க மாட்டேன். வெள்ளையாக ஒன்று மேலேயிருந்து பாய்ந்து உச்சந்தலையில் கொத்தியது. அடுத்து இன்னொன்று. பிறகு காதோரம் கிறீச்சென்று ஒரு கூட்டமே வந்துவிட்டது. ஓடத் தோன்றவில்லை. பறவை வந்தால் எங்கள் காட்டில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். தூக்குச்சட்டியை மூடியால் ஓங்கி ஓங்கித் தட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். தீவிலிருந்த அத்தனை ஆலாக்களும் ஒன்றாக எழும்பிவிட்டன.

மாமா ஓடிவந்தார். திட்டவில்லை. சட்டியைப் பிடுங்கிக்கொண்டு, “ஏட்டி, வாயத் தொறக்காத. கீழ பாத்து நட, முட்டையில மிதிச்சிராத” என்றார். அப்போதுதான் பார்த்தேன். வெறும் மணல் குழியில், மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட முட்டைகள் கிடந்தன. படகைக் கொஞ்ச தூரம் கடலுக்குள் தள்ளி நிறுத்தி, ஆள் தெரியாதபடி என்னைத் தார்ப்பாய்க்குள் படுக்க வைத்து அவரும் படுத்துக்கொண்டார். அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கி வானத்தையே பார்த்தார். மாமாவே பயந்தால் என் கதி என்ன என்று அவரை ஒட்டிப் படுத்தேன்.

“முட்டையெல்லாம் வெயில்ல கெடக்கே” என்று முனகினார்.

அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டுக் கோழி அடைகாப்பது சூட்டுக்காகத்தானே, இங்கே சூட்டுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். அந்த நெருப்பு மணலில் தாய்ப்பறவை உட்காருவது நிழலுக்காக என்பதும், நிழல் போனால் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தார்ப்பாய்க்குள் கிடந்தபடியே ஜெபிக்க ஆரம்பித்தேன். மாதாவே, ஒரு பறவையும் திரும்பி வரக் கூடாது, எல்லாம் இப்படியே எங்காவது போய்விட வேண்டும். பக்கத்தில் மாமாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவருக்கும் இதே வேண்டுதல்தான் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக வேண்டினேன்.

வெகு நேரமாகியும் ஒன்றுகூட இறங்கவில்லை. நம் இரண்டு பேர் ஜெபத்தையும் மாதா கேட்டுவிட்டாள் என்று மாமாவின் காதில் சொன்னேன்.