வயலுக்குத் தண்ணீர் விட்டோம்

எழுபத்தோராம் வருஷப் போரில் நாங்கள் பிடித்த ஒரு கிராமத்தை மறுநாளே எதிரிகள் திரும்பப் பிடித்தார்கள். பின்வாங்கும்போது எங்கள் ஆட்கள் ஐந்து பேரின் உடல்களைத் தூக்கிவர முடியவில்லை. அதில் ஒருவன் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துப் பையன், ராணுவ பாரக்கில் என் பக்கத்துக் கட்டில்காரன். போர் நிற்பதற்குள் கிராமம் மறுபடி எங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் உடல்களை எதிரிகள் எங்கோ புதைத்துவிட்டிருந்தார்கள். டாங்கிகள் ஓடிக் குழப்பிய கோதுமை வயல்களில் பத்து நாள் தோண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. ஐவரையும் ‘காணவில்லை’ என்று எழுதினார்கள்.

பிப்ரவரியில் விடுமுறை கிடைத்து, வேலந்தாவளத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்தேன். நான்காம் நாள் அவனுடைய அப்பா நாலைந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

“ஊட்டுக்குள்ள வாங்க. சாப்புட்டுப்போட்டு பேசலாமுங்க” என்றார் என் அண்ணன்.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. “தம்பி, எம்மவன் செத்துட்டாங்கிறத நான் நம்புதேன். ஆனா காணலன்னுல்லா காயிதம் வந்துருக்கு. ஓடிப்போயிட்டான்னு எஸ்டேட்ல பேசுதாக. அவன் எங்கன கெடக்கான்னு மட்டும் சொல்லு.”

“தெரியலீங்க” என்றேன். அவனைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் போன மறுநாள் கடலைக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மற்ற இடமெல்லாம் தண்ணீர் நிரம்பி நின்றது. ஒரு மூலையில் மட்டும் குமிழி விட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே மண் பள்ளமாகத் தொய்ந்தது.

“அது அப்படித்தான்டா. போன வருசம் செத்த எருமையப் பொதச்ச எடமல்லோ” என்றார் அண்ணன்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். விடுமுறை இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. அன்று சாயங்காலமே கோயம்புத்தூர் போய் ரயில் ஏறினேன்.

எங்கள் கேப்டன் நகரத்தில் வளர்ந்தவர். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார். பிறகு வரைபடத்தை விரித்து, கால்வாய் எங்கே என்று விரல் வைத்தார். குண்டு விழுந்து உடைந்திருந்த கரையை மணல் மூட்டை அடுக்கி அடைக்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. கண்ணிவெடிகளை அதற்கு முன்பே எடுத்திருந்தார்கள். பிறகு மடையைத் திறந்தோம். முதல் மூன்று வயல்களில் தண்ணீர் அசையாமல் நின்றது. சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நான்காவது வயலில், ஒரு கருவேல மரத்தருகே, தண்ணீர் குமிழி விட்டது. ஆள் நீளத்துக்கு மண் உட்கார்ந்தது. பிறகு அதன் பக்கத்தில், அதற்கும் பக்கத்தில். சிரித்தவர்கள்தான் முதலில் ஓடிப்போய் மடையை அடைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் கையாலேயே தோண்டினோம். ஐந்து பேரும் கம்பளி சுற்றி வரிசையாகக் கிடந்தார்கள். புதைத்தவர்கள் மரியாதையாகவே புதைத்திருந்தார்கள். ஒவ்வொரு கழுத்திலும் தகடு இருந்தது. சுபேதார் எண்களைப் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, வருகை எடுக்கும்போது சொல்வதுபோல, “ஹாஜர்” என்று குரல் கொடுத்தோம். அழுதுகொண்டேதான் கத்தினோம். ஆனால் அந்தப் போரில் நாங்கள் உண்மையாக ஜெயித்தது அன்றைக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

அங்கேயே ராணுவ மரியாதையுடன் எரியூட்டினார்கள். அவனுடைய சாம்பலை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். போடிமெட்டு ஏறி உடும்பஞ்சோலையில் இறங்கியபோது எஸ்டேட்டே திரண்டு நின்றது. அவன் அப்பா கலசத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு முன்னால் நிமிர்ந்து நடந்தார். “எம்மவன் ஓடிப்போகல, நல்லாப் பாத்துக்கிடுங்க” என்று தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று சொன்னார். கொட்டுச் சத்தத்தை மீறி அவர் குரல் கேட்டது.

சாயங்காலம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, “எப்படிக் கண்டுபிடிச்சேன்னு இவுகளுக்குச் சொல்லு, தம்பி” என்றார். சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.