சுண்டுவிரல் நகத்தில் நின்ற காசு

என் அத்தான் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை தக்கலை ரிஜிஸ்டர் கச்சேரியில் நகலெழுத்துக் குமாஸ்தா. வாரம் முழுக்க ஊரார் ஆதாரப் பத்திரங்களைப் பெயர்த்தெழுதிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் பூதப்பாண்டிக்கு வருவார். வந்ததும் கால் கழுவுவாரா, காப்பி கேட்பாரா? அதெல்லாம் கிடையாது. நேரே அடுக்களை வாசலில் போய் நிற்பார்.

“கோமளம், விரலைக் காட்டு.”

என் அக்கா கோமளவல்லி, மாவுக்கையோ புளிக்கையோ, முந்தானையில் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டுவாள். அத்தான் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் காசை அவள் நகத்தின் மேல் வைப்பார். நகத்துக்குள் அடங்கினால் அது பெட்டிக்குப் போகும். ஓரம் தாண்டினால், “பெரிசு” என்று அக்கா சொல்லிவிடுவாள். அதற்கு அப்பீல் கிடையாது.

இதுதான் அத்தானின் பைத்தியம். உலகமே பெரிய பணத்துக்கு அலைகிறபோது இந்த மனிதர் பொடிக்காசுக்கு அலைந்தார். பருப்பு அளவில் பழைய வெள்ளிச் சக்கரக்காசுகள், உழவில் அகப்பட்ட பச்சை பிடித்த செம்புக்காசுகள், எந்த ராஜா அடித்தது என்று யாருக்கும் தெரியாத வெள்ளித் துணுக்குகள். நிறுப்பதற்கு நெல்மணிதான். ஒரு வெள்ளித் துணுக்கு நாலே நெல் எடை இருந்தது என்று அன்றைக்கு முழுக்கத் தெருவில் சொல்லித் திரிந்தார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருமுறை மிஷன் அச்சாபீஸில் வேலை பார்த்த ஜேசுதாஸ், ஜெர்மனிக்காரன் யுத்தத்தில் அடித்த அலுமினியக் காசு ஒன்றைக் கொடுத்திருந்தார். அது நகத்தை மூடி வெளியேயும் நின்றது. அத்தான் முகம் வாடிவிட்டது. ஒரு கிண்ணம் தண்ணீர் கொண்டுவந்து அதில் மெல்ல வைத்துக் காட்டினார். காசு மிதந்தது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“மிதக்குல்லா? செரி, இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்” என்றாள்.

ஆனால் அவர் பத்து வருஷமாகத் தேடியது தங்கத்தில் ஓர் அரைப்பணக் காசு. 1933 மாசியில் அது கிடைத்தது. வட்டக்கோட்டைப் பக்கம் மணலில் கண்டெடுத்த ஒருவரிடம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கிவந்தார். ஒரு பக்கம் தேய்ந்து மொட்டை. மறுபக்கம் சிங்கமோ யாளியோ, வால் மட்டும் தெளிவு. அக்காவின் நகத்தில் வைத்தபோது நடுவில் நின்றது, சுற்றிலும் இடம் மிச்சம். அத்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லாமல் தீராது. அந்த வீட்டில் தாலியைத் தவிர வேறு பொட்டுத் தங்கம் கிடையாது. அக்காவின் சங்கிலி, கம்மல், மூக்குத்தி எல்லாம் திருவனந்தபுரத்தில் என் படிப்புக்குப் போயின. துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க அவள் மூக்கில் ஈர்க்குச்சித் துண்டைச் செருகியிருப்பாள். யாராவது கேட்டால், “மூக்குத்தி பி.ஏ. படிக்கப் போயிருக்கு” என்று சிரிப்பாள். நான் பி.ஏ. ஆனேன், வாத்தியாரும் ஆனேன், கல்யாணமும் ஆயிற்று. மூக்குத்தி மட்டும் வரவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சித்திரை விஷுவுக்குக் கனி வைக்கும்போது, தங்கம் இல்லாமல் எப்படி என்று அக்கா மற்றப் பொடிக்காசுகளோடு அந்த அரைப்பணத்தையே வெண்கல உருளியில் பச்சரிசியின் மேல், கொன்றைப்பூவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் நடுவே வைத்தாள். காலையில் கண்ணைத் திறந்ததும் முதல் காட்சியாக எல்லோரும் கனி கண்டோம். பிறகு அந்த அரிசியில் பாயசம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கனி அரிசியை அரிக்கக்கூடாது, களையக்கூடாது, அப்படியே பானையில் போடவேண்டும். அக்கா காசுகளையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். பருப்பில் பாதி அளவுள்ள அந்த ஒன்று அரிசியோடு போய்விட்டது.

பந்தியில் அத்தானின் இரண்டு தமக்கைகளும் எதிரே இருந்தார்கள். என் பல்லில் ஏதோ கடிபட்டது. நாக்கால் தடவியதும் தெரிந்துவிட்டது. வெளியே எடுத்திருந்தால், பாயசத்தில் கல் போட்டவள் என்று அக்காவை அந்த இரண்டு பேரும் பத்து வருஷம் சொல்லிக்காட்டியிருப்பார்கள். கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு எழுந்தேன்.

கை கழுவிவிட்டு, அக்காவிடம் கொடுக்கலாம் என்று அடுக்களைக்குப் போனால், அவள் காசுப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“எங்கையாலயே தொலச்சிட்டேனே! இனி எந்த விரல நீட்டுவேன் உங்க முன்னால?”

அத்தான் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். “ஏட்டி, இதுக்கா அழுக? அது பித்தளை. தட்டான் உரைச்சுப் பாத்துச் சொன்னான். நாணக்கேடா இருந்து, சொல்லல்ல.”

எந்தத் தட்டானிடமும் அவர் அதைக் கொடுத்ததில்லை. உரைத்தால் தேயும் என்று பயப்படுகிற மனிதர். நான் சத்தம் காட்டாமல் திரும்பினேன். மத்தியானம் கிணற்றடியில் அவரைத் தனியாகப் பிடித்து, காசை உள்ளங்கையில் வைத்தேன். மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்தார்.

“வள்ளிநாயகம், அவகிட்ட மூச்சு விடப்பிடாது. இப்பம் தங்கம்னு தெரிஞ்சா, தொலச்சிட்டோமேன்னு இன்னும் வேதனப்படுவா.”

“கிடைச்சாச்சே அத்தான்!”

“நான் பாத்துக்கிடுதேன்” என்று மடியில் முடிந்துகொண்டார்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, தக்கலையில் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று ஒரு மூக்குத்தி கொண்டுவந்தார். கல் கிடையாது, வெறும் தங்கப் பொட்டு. ஈர்க்குச்சியை எடுத்துவிட்டு அவரே போட்டுவிட்டார். அன்றைக்கு நான் மூக்குத்தியை எங்கே பார்த்தேன்? அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த விஷுவுக்கு முந்தின சாயங்காலம் நான் கொன்றைப்பூ பறித்துப் போனேன். கனிக்குத் தங்கம் வேண்டுமே என்று அக்கா முதல்முறையாக மூக்குத்தியைத் திருகிக் கழற்றினாள். பத்து வருஷப் பழக்கம், தானாகவே அதைக் கவிழ்த்துச் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்தாள். நடுவில் நின்றது, சுற்றிலும் இடம் மிச்சம். கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கருகே விரலைக் கொண்டுபோனாள். பின்பக்கம், பற்றவைத்த திருகாணிக்கு ஓரத்தில், ஒரு வால் மட்டும் தெளிவாக இருந்தது.

பற்றவைத்த காசை எந்தச் சேகரிப்புக்காரனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று அத்தான்தான் எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

“மக்கா, பித்தளைன்னா கறுக்கும்லா?” என்றாள்.

“கறுக்கும்க்கா.”

அக்கா மூக்குத்தியை உருளியில் வைக்கவில்லை. திரும்ப மூக்கிலேயே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அத்தானைக் கண்ணைப் பொத்தி அழைத்துவந்தது நான்தான். கையை எடுத்தேன். உருளிக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அத்தான் கொன்றைப்பூவைப் பார்க்கவில்லை, வெள்ளரிக்காயைப் பார்க்கவில்லை.

“கனியில தங்கம் வைக்கலியா கோமளம்?” என்றார், அவள் மூக்கைப் பார்த்தபடி.

அக்கா சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.