நாற்கொம்பு மானும் வாயடைத்த நத்தையும்

மலையே உருவாகி நிற்கும் எங்கள் அண்ணாமலையானையும் உண்ணாமுலை அம்மையையும் வணங்கித் தொடங்குகிறேன். இன்று வைகாசி விசாகம். காலையில் பதிகம் ஓதிய களைப்பு இன்னும் தீரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு கோடை. எங்கள் தெருக் கிணறுகள் வற்றிவிட்டன. குழாயடியில் நின்றால் இரண்டு குடம் கிடைக்கும். என் மனைவிக்கோ நீர்க்கடுப்பு. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார் வைத்தியர். கும்பகோணத்தில் மகள் வீட்டுக் கிணறு வற்றாதது. அங்கே போய்விடலாம் என்றாள் மனைவி. மலையை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவளைத் தனியே அனுப்பவும் மனமில்லை. அந்தப் பேச்சிலேயே இருவரும் ஓய்ந்து போயிருந்தோம்.

ஒரு விடியலில் இருவரும் மலை சுற்றும்போது, குளத்தின் அடிச்சேற்றில் மிஞ்சிய நீரை ஒரு சிறிய மான் குடித்துக்கொண்டிருந்தது. வெள்ளாட்டு உயரம், நெற்றியில் இரண்டு குட்டைக் கொம்புகள், பின்னால் இரண்டு. சவ்வாது மலையடிவாரத்தில் பிறந்த என் மனைவிக்கு அது தெரிந்த விலங்கு.

"நாலு கொம்பு மான்ங்க. தெனமும் தண்ணி இல்லன்னா தாங்காது. அதான் ஆளு நடமாட்டம்கூட பாக்காம எறங்கிடுச்சு."

குளக்கரை மண்டபச் சுவரில் நத்தைகள் ஒட்டிக்கிடந்தன. ஓட்டின் வாயை வெள்ளை ஏடு மூடியிருந்தது.

"இதுங்களப் பாரு. கதவ சாத்திக்கினு மழை வர்ற வரைக்கும் கெடக்குது. எங்கனா போகணும்னு கேக்குதா?" என்றேன்.

"அதுக்கு நீர்க்கடுப்புன்னு எந்த வைத்தியர் சொன்னாரு?"

நான் விடவில்லை. அலைவது மானின் இயல்பு, அடங்கியிருப்பது நத்தையின் இயல்பு. அடியார்க்கு உகந்தது அடக்கமே என்று நீட்டினேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தெனம் பாடறீங்களே. சாமி கையில ஏந்தியிருக்கறது மானா, நத்தையா?"

நாள்தோறும் நான் பாடுவது மானேந்திய கரத்தைத்தான். எல்லாப் பதிகங்களையும் புரட்டினாலும் நத்தைக்குச் சாதகமாக ஒரு வரி அகப்படும் என்று தோன்றவில்லை.

"சரி, போலாம்," என்றேன்.

"நீங்களுமா?"

"நானுந்தான்."

மறுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து ஏறினோம். ஊர் எல்லை தாண்டும்போது எல்லோரும் மலையைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவளுடைய கூஜாவில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

இதைப் படிப்போர் அனைவர் கிணற்றிலும் நீர் சுரக்கட்டும். அவர்கள் உடல் குளிர்ந்து நலமுடன் வாழட்டும்.