எட்டையும் ஒன்பதையும் எடுக்காத பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு வாரம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் துறையில் பன்னிரண்டு வருட அனுபவம். என் வேலையில் தப்பு வராது என்ற நினைப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்த காலம் அது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாற்றுப் பண்ணைகளில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஒரு பெட்டியை எங்கள் சின்ன நிறுவனம் தயாரிக்கிறது. பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி. அதன் இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். தண்ணீர் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட வேண்டும் என்று நாம் கொடுக்கும் செட்டிங்கை அதுதான் வாங்கிக்கொள்ளும். சரியான எண் என்றால் ஏற்க வேண்டும், கோணல்மாணலாக எதையாவது கொடுத்தால் மறுக்க வேண்டும். இதை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் சின்னச் சின்ன புரோகிராம்களுக்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். அவற்றை எழுதுவது என் பொறுப்பு. மைனஸ் ஐந்து கொடுத்தால்? ஒன்றுமே கொடுக்காவிட்டால்? பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால்? எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்தால்? மனிதர்கள் செய்யக்கூடிய கிறுக்குத்தனம் அத்தனையையும் யோசித்து அறுபதுக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். ஓட்டினால் திரை முழுக்கப் பச்சை வரிகளாக வரும். எல்லாம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் கீரனூரிலிருந்து அந்தப் போன் வந்தது. பழனிப் பக்கம். முப்பது வயதிருக்கும் ஒரு பெண், அந்த வருடம்தான் நாற்றுப் பண்ணை ஆரம்பித்திருந்தார். தக்காளி, மிளகாய் நாற்று.

"ஏனுங்க மேடம், உங்க பொட்டி எட்டு எடுக்க மாட்டேங்குதுங்க. ஒம்பதும் எடுக்கறதில்லைங்க. ஏழு எடுக்குது, பத்து எடுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டை மட்டும் எடுக்காத கணினியை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் பளிச்சென்று 08 என்று இருந்தது.

"எட்டுன்னுதானம்மா காட்டுது?"

"காட்டுதுங்க. ஆனா தண்ணி அஞ்சு நிமிசத்துல நின்னுருதுங்க. வாட்ச் வெச்சுப் பாத்தேனுங்க."

வாட்ச் வைத்துப் பார்த்தாராம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கரண்ட் வேறு இல்லை, மடிக்கணினியில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் என் டெஸ்ட் அத்தனையையும் மறுபடி ஓட்டினேன். எட்டு கொடுத்தால் எட்டு என்று தேறியிருந்தது. புகார்ப் பதிவில் 'பயன்படுத்துபவரின் தவறு' என்று எழுதி மூடினேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பச்சை வரிகளைப் படம் பிடித்து, "இம்புட்டும் சரியா இருக்கும்மா, பாருங்க" என்று அவருக்கே அனுப்பி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "படம் நல்லா இருக்குங்க. நாத்து வாடுதுங்க."

அதை எங்கள் மேலாளருக்கும் அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் நாற்பது பெட்டிகள் வெளியே போக வேண்டும். மேலாளர் கூப்பிட்டு, "உங்க ஊர்லேர்ந்து பக்கம்தானே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்" என்றார். திண்டுக்கல்லுக்கும் கீரனூருக்கும் என்ன பக்கம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் பழனிக்கு ஒரு பஸ், அங்கிருந்து நின்றுகொண்டே இன்னொரு பஸ். வழி நெடுக மனசுக்குள் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே போனேன். பொத்தான் அழுத்தத் தெரியாத ஒருவருக்குப் பாடம் எடுக்க எனக்கு ஒரு நாள் வீணாகிறது என்பதுதான் என் கணக்கு.

பண்ணை தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. பச்சை நிழல்வலைக்குள் நாற்று வளரும் குழித்தட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஈரத் தேங்காய் நார்க்கழிவின் வாசம். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஓரத்தில் இருந்த தக்காளித் தட்டுகள்தான். நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. சிலது கருகியே விட்டது. அந்தப் பெண் பூவாளியோடு வந்தார். பெட்டியை நம்ப முடியாததால் நாலு நாளாகக் கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"ஏழுலயோ பத்துலயோ வெச்சுக்கலாமேம்மா?" என்றேன்.

"ஏழு வெச்சா ஓரத்துத் தட்டு காயுதுங்க. பத்து வெச்சா தண்டு அழுகுதுங்க. இந்த வெயிலுக்கு எட்டுதானுங்க வேணும்."

நான் பெரிய மனுஷித்தனமாக மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். டெஸ்ட்டை ஓட்டினேன். பச்சை. கணினியிலிருந்தே எட்டு என்று தட்டி அனுப்பினேன். காலியாக இருந்த ஒரு வரிசையில் தண்ணீர் தெளித்தது. இருவரும் நின்று பார்த்தோம். சரியாக எட்டு நிமிடம். "பாத்தீங்களா?" என்று திரும்பினேன்.

அவர் அசரவில்லை. "நீங்க உங்க கம்ப்யூட்டர்ல தட்டறீங்க. நான் இந்தப் பொத்தான்லதானுங்க தட்டோணும். இதுல வந்து தட்டுங்க. மொதல்ல அஞ்சு போட்டுட்டு, அப்புறமேட்டுக்கு எட்டுப் போடுங்க."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டு வருடமாக அந்தப் பெட்டிக்கு வேலை செய்துவந்த நான், அதன் பொத்தானை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டேன். ஐந்தை அழுத்தினேன். திரையில் 05. பிறகு எட்டை அழுத்தினேன். திரையில் 08. தண்ணீர் ஓடியது. ஐந்தாவது நிமிடம் பொட்டென்று நின்றது.

மறுபடி செய்தேன். மறுபடி ஐந்தில் நின்றது. ஏழு போட்டேன், ஏழு ஓடியது. ஒன்பது போட்டேன், அதே ஏழில் நின்றது.

அவர் விதைப் பெட்டியின் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். பின்பக்கம் பேனாவில் இரண்டு வரிசை எழுதியிருந்தார். இடது பக்கம், திரையில் தெரிந்தபடியே 01, 02 என்று அழுத்திய எண்; வலது பக்கம் தண்ணீர் நிஜமாக ஓடிய நிமிடம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் எதிரே, 'முன்னாடி எதுவோ அதே' என்று இருந்தது. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய சோதனையை, செடிக்கும் தண்ணி ஊற்றிக்கொண்டு, அவர் செய்து முடித்திருந்தார்.

அந்த அட்டையைப் பார்த்ததும்தான் பூஜ்யம் என் கண்ணில் பட்டது. நான் என் டெஸ்ட்டில் 8 என்று எழுதியிருந்தேன். பொத்தான் அனுப்புவதோ 08. கணினி உலகில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அதைப் பத்துப் பத்தாக எண்ணாமல் எட்டெட்டாக எண்ணும். அந்தக் கணக்கில் பூஜ்யத்திலிருந்து ஏழு வரைதான் இலக்கம். எட்டும் ஒன்பதும் கிடையவே கிடையாது. அதனால் 07 வரை வம்பில்லை. 10 வந்தால் முன்னால் பூஜ்யம் இல்லை, அதுவும் வம்பில்லை. 08, 09 வரும்போது மட்டும் கெர்னல் 'இது எண்ணே இல்லை' என்று தள்ளிவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டது. திரைக்கான புரோகிராமோ, அந்த மறுப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அழுத்திய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

திரைப் பகுதியை எழுதியது வேறொருவர். அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கெர்னலுக்கு வெளியிலிருந்து என்னென்ன வரும் என்று யோசித்துச் சோதிப்பதுதானே என் வேலை? மனிதர்களின் கிறுக்குத்தனத்தை எல்லாம் யோசித்த நான், எங்கள் பெட்டியின் சொந்தப் பொத்தான் என்ன அனுப்புகிறது என்று யோசிக்கவில்லை.

மேலாளருக்குப் போன் போட்டேன். "எட்டும் ஒன்பதும் மட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். முன்பு நான் சிரித்த அதே சிரிப்பை அவர் சிரித்தபோது எரிச்சலாக இருந்தது.

நிழல்வலைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது. மூன்று மணிக்குத்தான் 08 போட்டு எட்டு நிமிடம் ஓடியது. அவர் வாட்சைப் பார்த்து, "இப்ப சரிங்க" என்றார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க. நெய்க்காரப்பட்டியிலருந்து தக்காளி நாத்துக்குச் சொல்லி வெச்சவரு இப்ப வந்துருவாருங்க. வாடுனதைப் போன்லயே சொன்னேன். தண்ணி ஊத்தத் தெரியாதவங்க எதுக்குப் பண்ணை வெக்கறீங்கன்னு கேட்டுப்புட்டாருங்க. அவருக்கு நான் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் சொல்லிக்குடுங்க."

உடனே கிளம்பினால் மூன்றரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனாலும் உட்கார்ந்தேன். அந்த விவசாயி வண்டியை நிறுத்தி இறங்கியதும் நானே எழுந்து போனேன். தண்ணீர் சரியாக ஓடாததற்குக் காரணம் இந்தம்மா இல்லை, எங்கள் பெட்டி, அதைச் சோதித்த நான் என்று சொன்னேன். முதல் தடவை புரியவில்லை என்றார். அட்டையைக் காட்டி மறுபடி சொன்னேன்.

"எட்டே தெரியாத மெசினுங்களா? நல்லா செஞ்சீங்க போங்க!" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணிடம் திரும்பி, குரலை இறக்கி, "நல்லா இருக்கற தட்டை இப்ப ஏத்திவுடும்மா. மிச்சத்தை அடுத்த வெதைப்புல வாங்கிக்கறேன்" என்றார். அந்தப் பெண் தலையாட்டினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தட்டுகளை எடுக்கப் போனார். நானும் கூடப் போய் இரண்டிரண்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் புகார்ப் பதிவைத் திறந்து, 'பயன்படுத்துபவரின் தவறு' என்பதை எடுத்துவிட்டு, தவறு என்னுடையது என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். அதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு வேறொரு பண்ணைக்காரரும் 'ஒன்பது வேலை செய்யவில்லை' என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தார். அதையும் யாரோ அதே காரணம் எழுதி மூடியிருந்தார்கள். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அவருடைய நாற்று என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது.

இப்போதும் வேலையில் எரிச்சல் குறையவில்லை. பொருந்தாத புகார் வந்தால் முதலில் சுர்ரென்று கோபம்தான் வருகிறது. ஆனாலும், ஒருவர் சொல்வது அபத்தமாகத் தோன்றும்போதெல்லாம், அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், நான் என் நினைப்பிலிருந்துதான் பதில் சொல்கிறேன் என்பதை எனக்கு நானே ஒரு முறை சொல்லிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.