அவர் உரக்க வாசித்த பேப்பர்

என் வீட்டுக்காரர் பெயர் வெங்கடசுப்ரமணியன். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. போய் மூன்று வருஷமாகிறது. இனி சொன்னால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். பவானிப்பூர் வீட்டில் மாடியில் நாங்கள், கீழே சீதாராமனும் அவன் பெண்டாட்டி சாவித்ரியும். சாயங்காலம் டிராமிலிருந்து இறங்கி வந்து, காப்பி குடித்துவிட்டு, இங்கிலீஷ் பேப்பரைப் பிரிப்பார். எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் உரக்க வாசிப்பார். நடுநடுவே கேலி வேறு. அரிசி விலை ஏறியதைக்கூடச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். எங்களுக்கு உலகம் தெரிந்ததெல்லாம் அவர் வாயால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷம் யுத்தம் வந்தது. ரகசியத் தந்திகளை டைப் அடிக்கும் அறைக்கு அவரை மாற்றி, எதையும் வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். சொன்னால் ஜெயில். அதற்குப் பிறகும் பேப்பர் வாசித்தார். கேலி மட்டும் நின்றுபோயிற்று.

புரட்டாசி பிறக்கும் சமயம். சீதாராமனுக்கு ரங்கூனில் ஓர் அரிசிக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் கப்பல். வங்காளக் கடலில் ஜெர்மன் யுத்தக்கப்பல் ஒன்று திரிகிறது என்று பஜாரில் வதந்தி. சாவித்ரி பயந்துபோய் அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, ஊர்ல என்னென்னமோ பேசிக்கறாளே, நிஜமா?" என்று கேட்டாள்.

அவர் பேப்பரைப் பிரித்தார். சர்க்கார் அறிக்கை இருந்தது. கப்பல் போக்குவரத்துக்கு எந்த அபாயமும் இல்லை, வதந்தி பரப்புகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஒரு மாசம் கழிச்சுத்தான் போயேண்டா, சீதாராமா."

"ஏன் அண்ணா?"

"சும்மாத்தான் சொன்னேன். நவராத்திரி வரதே."

"நன்னாருக்கே! வேலை எனக்காகக் காத்துண்டிருக்குமா? அபாயமில்லேன்னு இப்பத்தானே நீங்களே படிச்சேள்!"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். சாவித்ரியின் முகமும் தெளிந்துவிட்டது. அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

கப்பல் போயிற்று. ரங்கூன் சேர்ந்ததும் தந்தி கொடுக்கிறேன் என்று சொல்லிப் போனவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சாவித்ரி தினமும் படியேறி வந்து கேட்பாள். "யுத்த காலமோன்னோ, தந்தியெல்லாம் தாமதமாத்தான் வரும்" என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நவராத்திரிக்கு, குமார்துலியில் வாங்கிய மண் பொம்மைகளை வைத்துச் சின்னதாகக் கொலு வைத்தேன். தெருவில் துர்க்கா பூஜைக் கொட்டு காதைப் பிளந்தது. சாவித்ரி அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்து பாடினாள். "சீக்கிரமே ரங்கூன்ல குடித்தனம் வெக்கணும்டி" என்று சொல்லி நானே அவள் நெற்றியில் குங்குமம் இட்டேன். திருமாங்கல்யத்திலும் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவர் ஆபீஸிலிருந்து வந்தார். என் கையிலிருந்த சிமிழையும் அவள் நெற்றியையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார். பெண்கள் கூட்டத்தைக் கண்டு கூச்சப்படுகிறார் என்று எல்லாரும் சிரித்தோம்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பேப்பரில் போட்டார்கள். பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் சீதாராமன் போன கப்பலின் பெயரைப் பார்த்துவிட்டுப் பேப்பரைச் சாவித்ரியிடம் கொடுத்தாராம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மேலே எடுத்து வந்தாள்.

"படிங்கோ அண்ணா. எப்பவும்போல உரக்கப் படிங்கோ."

படித்தார். ரங்கூன் போன கப்பல், ஜெர்மன்காரன் சுட்டதில் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் பெயர்களில் சீதாராமன் பெயர் இல்லை.

"தேதியை இன்னொரு தரம்."

படித்தார். நவராத்திரிக்கு முந்தின வாரம்.

"நான் கொலுவுக்கு வந்தன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்காத்துக்காரர் கிளம்பறதுக்கு முன்னாடியே?"

"ஜெர்மன்காரன் கடல்ல இருக்கான்னு தெரியும்" என்றார். "அபாயமில்லேங்கற அறிக்கையை டைப் அடிச்சதே நான்தாம்மா. சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன்."

யுத்தம் முடிந்ததும், ரகசியம் காத்த நம்பிக்கையான ஊழியர் என்று சர்க்கார் அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தது. என்ன ரகசியம்? யாரிடமிருந்து காத்தாராம்? சுட்டவன் ஜெர்மன்காரன், அவனுக்குத் தெரியும். சர்க்காருக்குத் தெரியும். தெரியாதவள் கீழ் வீட்டிலிருந்த சாவித்ரி ஒருத்திதான். அவளிடமிருந்து காப்பாற்றத்தான் இத்தனை சத்தியமும் ஜெயிலும்! இதைச் சொல்லி நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

பேப்பரில் சேதி வந்த அந்த மாசமே சாவித்ரியை ஊருக்கு அழைத்துப்போக அவள் தமையன் வந்திருந்தான். வண்டி வாசலில் நின்றது. வெறும் நெற்றியோடு மாடிக்கு வந்தாள். கொலுவன்று நான் கொடுத்த மஞ்சளும் குங்குமமும் பொட்டலம் பிரியாமல் அவள் கையில் இருந்தன. நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் அவர் கையில் வைத்தாள்.

"இதை உங்க ஆபீஸ்லயே குடுத்துடுங்கோ, அண்ணா."

அவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேப்பரை உரக்க வாசித்ததில்லை.