சித்தியிடம் யாரும் கேட்கவில்லை

ஊரெல்லாம் முகக்கவசத்தைக் கழற்றி வீசிய பிறகும் என் சித்தி மட்டும் கழற்றவில்லை. வ. புதுப்பட்டி வீட்டுக் கொடியில் நீலத் துணிக் கவசங்கள் ஐந்தாறு எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் அதை இறக்குவாள். நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அவள் மூக்கின் வலது மடலில், மூக்குத்தி ஓரமாக, ஒரு கரும்புள்ளி ஆறாமல் இருந்தது. தோல் புற்றுநோய் என்றார்கள். ராஜபாளையத்தில் ஒரு மருத்துவர் மடலோடு சேர்த்து வெட்டியெடுத்தார். நோய் முழுதும் போய்விட்டது. அதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கட்டைப் பிரித்த அன்று, மடல் இருந்த இடத்து ஓட்டையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது இப்படியேதான் இருக்குமா சார்?" என்று சித்தி கேட்டபோது, அவர் சித்தப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"அம்மாவுக்கு அறுபது ஆகப்போகுது. உயிர் பொழச்சதே பெருசு. இனிமே அழகு எதுக்கு?"

சித்தப்பா தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நானும் ஆட்டினேன். என் கோபத்தில் பாதி என்மேல்தான்.

அதன்பின் சித்தி எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்கு ஒரு வருடமும் தவறாதவள், இரண்டு ஆடி மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் அவளுக்குத் தலைவலி என்றார் சித்தப்பா.

பிறகுதான் நான் விசாரித்து அவளை மதுரைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் நாற்காலியைச் சித்தியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடமே பேசினார். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது எளிது, ஆனால் இத்தனை பெரிய ஓட்டைக்கு அது மட்டும் போதாது. நெற்றித் தோலை ஒரு முனை அறாமல் திருப்பி மூக்கில் தைக்கலாம், காதின் குருத்தெலும்பை உள்ளே தாங்கலாக வைக்கலாம். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே தோல் ஒரு தண்டுபோல நிற்கும், பிறகு அதை அறுத்துச் சரிசெய்வார்கள். நெற்றியில் தழும்பு இருக்கும். கத்தியே வேண்டாமென்றால் ஒட்டிக்கொள்ளும் செயற்கை மூக்கும் உண்டு.

"உங்களுக்கு எதும்மா வேணும்?"

சித்தி கழற்றிய கவசத்தை மடியில் வைத்து மடித்தாள். "இதெல்லாம் அப்பவே செஞ்சிருக்கலாமா சார்?" என்றாள்.

"செஞ்சிருக்கலாம்மா."

திரும்பும் பேருந்தில் கிருஷ்ணன்கோவில் வரை அவள் கவசத்தின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, "ரெண்டு வருசம்ட்டி" என்றாள். அவ்வளவுதான்.

நெற்றித் தோலையே கேட்டு வாங்கினாள். இன்று அந்த மடல் சற்றுத் தடித்திருக்கிறது, நெற்றியில் ஒரு கோடு, வேறொன்றுமில்லை. ஆனால் தண்டு அறுக்காத அந்த மூன்று வாரத்துக்குள்தான் தேரும் வந்தது. சித்தி சேலை மாற்றிக்கொண்டு, கவசம் போடாமல் வந்து நின்றாள். சித்தப்பா வாசலை மறித்தார்.

"ஏட்டி, அறுத்த பொறவு எங்க வேணாலும் போ. இந்தக் கோலத்துல போனா ஊரு என்ன நெனைக்கும்?"

"அந்த டாக்டரு உங்களப் பாத்துல்லா பேசுனாரு. எனக்கு என்ன வேணும்னு அன்னைக்கு நீங்களும் கேக்கல. இப்ப மட்டும் என்னத்துக்குச் சொல்லுதிய? தள்ளுங்க, வாரேன்."

அவர் தள்ளி நின்றார்.

ரத வீதியில் கூட்டத்துக்கு ஒதுங்கி நின்றோம். தேரை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்தவர்களே அதிகம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் பொறுக்கமாட்டாமல், "என்னக்கா, மூஞ்சில என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"புது மூக்கு வச்சிருக்கேன்" என்றாள் சித்தி, தேரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒட்டி முடியல."